கொளத்தூரில் கிடைக்கும் மரைன் மணல்: எதை வாங்கலாம், எப்படிப் பராமரிக்கலாம்

சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் உப்புத்தண்ணீர் (மரைன்) தொட்டிக்கு மணல் வேண்டும் என்று கேட்டால் வழக்கமாக நான்கு சாமான்களை எடுத்து முன்னால் வைப்பார்கள். வெளிநாட்டுப் பையில் வரும் உலர் அரகோனைட் மணல், தண்ணீரோடு சேர்த்து அடைத்த ‘லைவ் சாண்ட்’, சாக்கில் கொட்டி வைத்துக் கிலோ கணக்கில் நிறுத்துத் தரும் ‘கோரல் சாண்ட்’, நன்னீர் தொட்டிக்காரர்கள் வாங்கும் வெள்ளை சிலிக்கா மணலும் மார்பிள் சிப்ஸும். எல்லாமே வெள்ளையாக இருப்பதால் எது அதிக வெள்ளை என்று பார்த்து வாங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். மணலைப் பொறுத்தவரை நிறம் கடைசி விஷயம். மணியின் (மணல் துகளின்) அளவு என்ன, அது எங்கிருந்து வந்தது, தொட்டியில் எத்தனை சென்டிமீட்டர் போடப் போகிறோம் என்ற மூன்றும் சரியாக அமைந்தால் அந்த மணல் பல வருடம் பிரச்சினை இல்லாமல் கிடக்கும். ஒன்று தப்பினாலும் ஆறு மாதத்தில் தொட்டி காட்டிக்கொடுத்துவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். புதிதாக மரைன் தொட்டி வைக்கிறவர்களுக்கு 1 முதல் 2 மி.மீ. வரை மணி உள்ள உலர் அரகோனைட் மணலை 3 முதல் 4 செ.மீ. ஆழத்துக்குப் போடுவதுதான் எங்கள் பரிந்துரை. மற்றவை எல்லாம் இதற்கு அடுத்துதான், சிலவற்றைத் தொடவே கூடாது.

உலர் அரகோனைட்

அரகோனைட் என்பது கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம். பவளமும் பல சிப்பிகளும் தங்கள் கூட்டை இதைக்கொண்டுதான் கட்டுகின்றன. பஹாமாஸ் பக்கம் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் கால்சியம் கார்பனேட் ஒரு துகளைச் சுற்றி அடுக்கு அடுக்காகப் படிந்து, முத்து மாதிரி உருண்டையான மணிகளாக உருவாகிறது. அதற்கு ஓலைட் என்று பெயர். உருண்டையாக இருப்பதால் மணலில் புதையும் மீனின் வயிற்றைக் கீறாது. உடைத்து அரைத்த எந்தப் பொருளிலும் இந்த குணம் இருக்காது.

இங்கே கடைகளில் அதிகம் பார்க்கக்கூடிய பெயர் கரிப்சீ. அதிலேயே பல ரகம் உண்டு. ‘ஸ்பெஷல் கிரேட்’ 1 முதல் 2 மி.மீ., ‘ஃபிஜி பிங்க்’ 0.5 முதல் 1.5 மி.மீ., ‘அரகாமேக்ஸ்’ என்கிற சர்க்கரை ரகம் 0.2 முதல் 1.2 மி.மீ. கடையில் நின்றுகொண்டு மில்லிமீட்டர் அளக்க முடியாது என்பவர்களுக்குச் சமையலறைக் கணக்கு உதவும். கசகசா ஏறக்குறைய 1 மி.மீ., கடுகு 2 மி.மீ. அளவு. கசகசாவுக்கும் கடுகுக்கும் இடைப்பட்ட மணி என்றால் ஸ்பெஷல் கிரேட். மெல்லிய ரவை மாதிரி விரலில் ஒட்டினால் சர்க்கரை ரகம்.

பார்க்க அழகு சர்க்கரை ரகம்தான். பளிங்கு விரித்த மாதிரி இருக்கும். ஆனால் வேவ்மேக்கர் (தண்ணீரை அலையாகச் சுழற்றும் பம்பு) ஒரு பக்கம் திரும்பினாலே மேடு பள்ளமாகிவிடும். கண்ணாடித் தரை தெரியும். பறந்த மணல் பவளத்தின் மேல் படிந்து அந்த இடத்துத் தசை செத்துப்போகும். எஸ்பிஎஸ் என்கிற கல்பவளம் வளர்க்க நினைத்து, ஒரு மணி நேரத்துக்குத் தொட்டிக் கொள்ளளவைப் போல 40 மடங்கு தண்ணீரைச் சுழற்றுகிறவர்களுக்கு இது ஒத்தே வராது. 20 மடங்குக்குள் ஓடும் தொட்டியில், சாஃப்ட் கோரல் என்கிற மென்பவளமும் மீனும் மட்டும் வைப்பவர்கள் தாராளமாகப் போடலாம். ஸ்பெஷல் கிரேடில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. சைஃபன் குழாயில் உறிஞ்சும்போதும் அழுக்கு மட்டும் மேலே போய், கனத்த மணி கீழே இறங்கிவிடும். பராமரிப்பில் வருகிற நிம்மதியில் பாதி இந்த ஒரு குணத்தால் வருவது.

3 மி.மீ.க்கு மேல் போகவும் வேண்டாம். மணிகளுக்கு நடுவே இடைவெளி பெரிதாகி, மீன் சாப்பிடாமல் விட்ட உணவு நேராக அடியில் போய் உட்கார்ந்துவிடும். அங்கே அழுகி நைட்ரேட்டாக மாறும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

அரகோனைட் போட்டால் பிஎச் தானாகவே 8.2-ல் நிற்கும், கால்சியம் குறையாது என்று கடையில் சொல்வார்கள். அது அப்படி இல்லை. தொட்டிக்குக் கால்சியம் சேர்க்கும் கருவியான கால்சியம் ரியாக்டரில் இதே பொருளைக் கரைப்பதற்கு கார்பன் டை ஆக்சைடை விட்டு பிஎச்சை 6.5 அளவுக்கு இறக்க வேண்டியிருக்கிறது. 8.0-க்கு மேல் இருக்கிற தொட்டித் தண்ணீரில் மணல் கரைந்து காரத்தன்மையைத் தாங்கிப் பிடிக்கும் என்று எதிர்பார்த்தால் பவளம்தான் மெலியும். ஆல்கலினிட்டியையும் (காரத்தன்மை) கால்சியத்தையும் வாராவாரம் அளந்து, குறைந்ததைத் தனியாகத்தான் சேர்க்க வேண்டும்.

லைவ் சாண்ட்

உள்ளே இருப்பது அதே அரகோனைட், கூடவே பாக்டீரியா உள்ள கொஞ்சம் உப்புத்தண்ணீர். கரிப்சீயின் ‘அராக் அலைவ்’ 10 பவுண்டு, 20 பவுண்டு பைகளில் வரும். அதாவது சுமார் 4.5 கிலோ, 9 கிலோ. கழுவாமல் அப்படியே போடலாம் என்பது உண்மையான வசதி. தண்ணீரைத் தெளிய வைக்கும் சிறு பொட்டலமும் கூட வரும்.

இதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா? எங்கள் கருத்தில் சென்னைக்கு அவ்வளவு அவசியம் இல்லை. பையில் அடைத்த உயிர் என்றால் பாக்டீரியா மட்டும்தான். புழு, கோபிபாட் என்கிற மிகச் சிறிய ஓட்டுயிரி எதுவும் அதில் இருக்காது. அந்தப் பை துறைமுகம், கிடங்கு, லாரி என்று சித்திரை வெயிலில் எத்தனை வாரம் கிடந்தது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. வாங்குவதானால் பையில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள், உப்பி இருக்கிறதா பாருங்கள், பிரித்ததும் அழுகிய முட்டை வாடை அடித்தால் திருப்பிக் கொடுங்கள். லைவ் சாண்ட் போட்டாலும் சைக்கிள் (அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா தொட்டியில் நிலைபெறும் காலம்) முடியாமல் மீன் விடக் கூடாது. அம்மோனியா 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) கொடுத்து, அது 24 மணி நேரத்தில் பூஜ்யமாகிறதா, நைட்ரைட்டும் பூஜ்யமாகிறதா என்று பார்த்த பிறகுதான் மீன்.

அதைவிட நல்ல வழி, நன்றாக ஓடுகிற, நோய் இல்லாத தொட்டி வைத்திருப்பவரிடம் இரண்டு கைப்பிடி மணல் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் உலர் மணல் மேல் தூவுவது. பாக்டீரியாவோடு சின்னப் புழுக்களும் கோபிபாடும் வந்து சேரும். இது வேலை செய்கிறது. கேட்கும்போது ஒரு கேள்வி மட்டும் மறக்கக் கூடாது: அந்தத் தொட்டியில் எப்போதாவது மீன் நோய்க்குக் காப்பர் (செம்பு) மருந்து போட்டார்களா? கார்பனேட் மணல் காப்பரைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். மீன் தாங்கும். இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது.

சாக்கில் நிறுத்துத் தரும் ‘கோரல் சாண்ட்’

மலிவு என்பதால் அதிகம் விற்பது இதுதான். நாங்கள் அதிகம் தயங்குவதும் இதில்தான். ஒரே பெயரில் நாலு வேறு பொருள் விற்கிறது. சிலது நல்ல இறக்குமதி மணலின் பெரிய பை பிரித்தது. சிலது கோழித் தீவனத்தில் கலக்கும் கிளிஞ்சல் தூள். சிலது உடைத்த சுண்ணாம்புக்கல். சிலது பவளக்கூட்டை உடைத்தது.

கடைசியாகச் சொன்னது சட்டப்படியே தவறு. கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்துக் காய்ந்த கூடாக இருந்தாலும் நம் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்த இடத்தில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கடியில் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளம் வெட்டியதுதான் அதற்குப் பெரிய காரணம். வரவேற்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டி அழகாக இருப்பதற்கு அந்தக் கடலை மேலும் உடைக்கக் கூடாது. “அண்ணா, இது எந்தப் பையிலிருந்து பிரிச்சது? பில் இருக்கா?” என்று கேளுங்கள். சாக்கையும் பையையும் காட்டுகிற கடையில் வாங்குங்கள். பேச்சை மாற்றினால் வாங்க வேண்டாம்.

பில் இருந்தாலும் வீட்டுக்கு அரைக் கிலோ மட்டும் கொண்டுவந்து நான்கு சோதனை செய்து பார்ப்பது நல்லது.

முதலாவது வினிகர். ஒரு ஸ்பூன் மணலில் ஊற்றினால் நுரைத்துப் பொங்க வேண்டும். பொங்கினால் கார்பனேட், சும்மா இருந்தால் சிலிக்கா. இரண்டாவது காந்தம். ஒரு பாலித்தீன் உறைக்குள் நல்ல காந்தத்தைப் போட்டு மணலில் துழாவுங்கள். கரும்பொடி ஒட்டினால் இரும்புத் தாது கலந்திருக்கிறது, வேண்டாம். மூன்றாவது, உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பது. குத்தினால் அது உடைத்த கல் அல்லது கிளிஞ்சல். நான்காவதுதான் முக்கியம். ஒரு டம்ளர் மணலைக் கழுவி, ஆர்ஓ தண்ணீரில் கலந்த புது உப்புத்தண்ணீர் இரண்டு டம்ளர் ஊற்றி 48 மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு அந்தத் தண்ணீரில் பாஸ்பேட் பாருங்கள். 0.1 பிபிஎம்-க்கு மேல் காட்டினால் அந்த மணல் தொட்டிக்குள் போனபின் மாதக்கணக்கில் பாஸ்பேட்டை விட்டுக்கொண்டே இருக்கும். கார்பனேட்டின் மேற்பரப்பு பாஸ்பேட்டைப் பிடித்து வைக்கும் இயல்பு உள்ளது. ஒரு முறை கழுவினால் போகாது. பாசி ஏன் அடங்கவில்லை என்று லைட்டையும் உணவையும் குறைத்துக்கொண்டே இருப்பவர்களின் தொட்டியில் பல நேரம் குற்றவாளி இந்த மணல்தான்.

நான்கிலும் தேறினால், 2 மி.மீ. சல்லடையில் சலித்துப் பெருங்கற்களை நீக்கிவிட்டு தைரியமாகப் பயன்படுத்தலாம். கிலோ கணக்கில் மிச்சம் பிடிக்கலாம், ஆனால் கழுவும் வேலை இரட்டிப்பு.

சிலிக்கா, மார்பிள் சிப்ஸ், கலர் கற்கள்

சிலிக்கா மணல் பற்றிப் பரப்பப்படும் பயம் கொஞ்சம் அதிகப்படி. குவார்ட்ஸ் தண்ணீரில் ஏறக்குறைய கரையவே கரையாது. ஆகவே பழுப்புப் பாசிக்கு அதைக் குறை சொல்வது சரியில்லை. பாசிக்கு வேண்டிய சிலிக்கேட் பெரும்பாலும் டிஐ ரெசின் (மிச்ச உப்பை எடுக்கும் கடைசி வடிகட்டி) தீர்ந்துபோன ஆர்ஓ தண்ணீரில்தான் வருகிறது. நீச்சல் குளப் ஃபில்டருக்கான உருண்டை மணி சிலிக்கா, மீன் மட்டும் உள்ள தொட்டிக்குப் போதும். பவளம் வளர்க்கும் ரீஃப் தொட்டிக்கு நாங்கள் அதைச் சொல்வதில்லை. அதன் மணி பம்புக்குள் சுழலும் இம்பெல்லரையும் கண்ணாடியையும் கீறும். அரகோனைட் மென்மையானது, அந்தச் சேதம் குறைவு.

மார்பிள் சிப்ஸ் கூர்மை, கலர் கற்கள் சாயம். இரண்டும் வேண்டாம். எம்-சாண்ட், ஆற்று மணல் என்று கேட்கிறவர்களும் உண்டு. கிரானைட் தூளிலும் ஆற்று மணலிலும் உள்ள இரும்பும் மைக்காவும் போதும், அதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

கடற்கரை மணல்

காசிமேடும் திருவொற்றியூரும் எண்ணூரும் பக்கத்திலேயே இருக்கும்போது காசு கொடுத்து ஏன் மணல் வாங்க வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். நம் கரையின் மணல் பவள மணல் இல்லை, பெரும்பகுதி குவார்ட்ஸ். அதோடு இல்மனைட், கார்னெட், மேக்னடைட் மாதிரி கனமான தாதுக்கள் கலந்தது. அலை ஒதுக்கிய இடத்தில் கறுப்புக் கோடு கோடாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இரும்பு. இரண்டாவது, இந்தக் கரை பட்டது கொஞ்சமில்லை. 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை முழுக்க ஒதுங்கியது. வாளி வாளியாகக் கையால் அள்ள வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலையாற்று முகத்துவாரத்திலும் எண்ணெய் படிந்தது. மீனவக் குடும்பங்கள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் மீன் தொட்டிக் கவலை ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்த மணலைத் தொட்டியில் போடுவது எவ்வளவு ஆபத்து என்று புரிந்துகொள்ள இது போதும். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் மணல் அள்ளுவதற்குத் தடையும் இருக்கிறது.

எவ்வளவு வாங்குவது

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். உலர் அரகோனைட் ஒரு லிட்டர் சுமார் 1.5 கிலோ. மூன்றடி தொட்டி 90-க்கு 45 என்றால், 4 செ.மீ. ஆழத்துக்கு 16.2 லிட்டர், அதாவது 24 கிலோ. நாலடி தொட்டி 120-க்கு 45 என்றால் 32 கிலோ. இரண்டடி தொட்டி 60-க்கு 40-ல் ஒரு 9 கிலோ பை போட்டால் 2.5 செ.மீ. வரும், சின்னத் தொட்டிக்கு அது போதும். பாறை உட்காரும் இடத்துக்காக இதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளலாம்.

ஆழ விஷயத்தில் ஒரு நடுப்பகுதி இருக்கிறது, அதில் சிக்க வேண்டாம். 4 செ.மீ.க்குள் இருந்தால் ஆக்சிஜன் அடிவரை போகும், கிளறிச் சுத்தம் செய்யலாம். 10 முதல் 15 செ.மீ. என்றால் அது ‘டீப் சாண்ட் பெட்’. அடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும், ஆனால் அதை ஒருபோதும் கிளறக் கூடாது. நல்ல மெல்லிய மணியும் நிறையப் புழுக்களும் வேண்டும். 6, 7 செ.மீ. என்று நடுவில் போட்டால் கிளறவும் பயம், நைட்ரேட்டை முழுசாகக் குறைக்கும் ஆழமும் இல்லை, அழுக்கு மட்டும் சேரும். இன்று கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் நல்ல ஸ்கிம்மரும் நுண்துளைப் பாறையும் கிடைக்கும்போது, வீட்டுத் தொட்டிக்கு ஆழமான மணல் தேவையில்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். நைட்ரேட் குறைக்கும் வேலையைப் பாறையே செய்யும்.

விதிவிலக்கு ஒன்று: ஹாலிகோரிஸ் வகை ராஸ் மீன் ராத்திரி மணலுக்குள் புதைந்துதான் தூங்கும். அதை வளர்ப்பவர்கள் ஒரு மூலையில் மட்டும் 5, 6 செ.மீ. மெல்லிய மணலைக் குவித்து வைக்கலாம்.

கழுவுவதும் போடுவதும்

20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டில் ஒரு தடவைக்கு 5 கிலோவுக்கு மேல் போட வேண்டாம். ஓஸ் பைப்பைப் பக்கெட்டின் அடிவரை விட்டு, கையால் புரட்டிக்கொண்டே வழியவிடுங்கள். பால் மாதிரி வரும் தண்ணீர் எட்டு, பத்து தடவைக்குப் பிறகு மோர்த் தண்ணீர் மாதிரி ஆகும், பிறகு தெளியும். சர்க்கரை ரகம் முழுசாகத் தெளியாது. அடி மணி தெரிகிற அளவு வந்தால் போதும். கழுவிய தண்ணீரைக் குளியலறைச் சாக்கடையில் விட்டால் மணல் படிந்து அடைத்துக்கொள்ளும். மாடியிலோ மண் தரையிலோ கழுவுங்கள். போர் தண்ணீர் வாளியில் காவிக் கறை படிய விடும் தண்ணீராக இருந்தால் அதில் இரும்பு இருக்கிறது. மெட்ரோ தண்ணீரில் கழுவுங்கள். கடைசி இரண்டு அலசல் எதுவானாலும் ஆர்ஓ தண்ணீரில்.

மணலுக்கு முன்னால் பாறை. இந்த வரிசையை மாற்றக் கூடாது. மணல் மேல் பாறையை வைத்தால் கோபி மீனும் பிஸ்டல் இறாலும் அடியில் தோண்டும். ஒரு நாள் ராத்திரி பாறை சாய்ந்து கண்ணாடியில் மோதும். கண்ணாடித் தரையில் 5 மி.மீ. அக்ரிலிக் துண்டு வைத்து அதன்மேல் பாறையை ஆட்டமில்லாமல் உட்கார வைத்துவிட்டு, சுற்றிலும் மணலைப் பரப்புங்கள். பிறகு மணல் மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, தட்டின் மேல் மெல்ல உப்புத்தண்ணீரை ஊற்றுங்கள். ஏற்கெனவே தண்ணீர் உள்ள தொட்டி என்றால் 2 அங்குல பிவிசி பைப்பை அடிவரை இறக்கி, அதன் வழியாக மணலை விடலாம். பம்புகளை 6 மணி நேரம் நிறுத்தி வைத்து, பிறகு சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) புது ஃபில்டர் பஞ்சு போட்டு ஓட்டுங்கள். முதல் நாள் இரண்டு தடவை பஞ்சை மாற்ற வேண்டியிருக்கும். தூசி படியாமல் ஓட்டினால் அது ஹீட்டரிலும் பவர்ஹெட் பம்பிலும் படிந்து இறுகும்.

வாராவாரம்

தண்ணீர் மாற்றும்போது, 10 முதல் 15 சதவீதம் எடுக்கும் அதே நேரத்தில், மணலில் கால் பங்கு இடத்தை மட்டும் சைஃபன் செய்யுங்கள். அடுத்த வாரம் அடுத்த கால் பங்கு. நாலு வாரத்தில் ஒரு சுற்று. முழுதையும் ஒரே நாளில் கிளறினால் அம்மோனியா ஏறும், தண்ணீர் கலங்கும், ஆக்சிஜன் இறங்கும். வாய் 4, 5 செ.மீ. அகலமான குழாயும் 12 மி.மீ. ஓஸும் சரியான ஜோடி. ஓஸைக் கட்டை விரலால் அழுத்தி ஓட்டத்தைக் குறைத்தால் மணல் குழாய்க்குள் பாதி உயரம் எழும்பி நிற்கும், பழுப்பு அழுக்கு மட்டும் பிரிந்து மேலே போகும். சர்க்கரை ரகமாக இருந்தால் குழாயை உள்ளே குத்தாமல், 1 செ.மீ. மேலே பிடித்து மேற்பரப்பை மட்டும் உறிஞ்சுங்கள். பாறைக்கு அடியில் சேர்ந்ததைப் பெரிய சிரிஞ்சில் பீய்ச்சி வெளியே தள்ளிப் பிறகு உறிஞ்சலாம்.

கண்ணாடி துடைக்கும் காந்தத்தை மணல் மட்டத்துக்கு 2 செ.மீ. மேலேயே நிறுத்துங்கள். ஒரே ஒரு மணி நடுவில் சிக்கினாலும் கண்ணாடியில் நிரந்தரக் கோடு. கீழ்ப்பகுதிக்குப் பழைய ஏடிஎம் கார்டு போதும்.

முன் கண்ணாடி ஓரமாக மணலுக்குள் பச்சையும் கறுப்புமாகக் கோடு தெரிந்தால் பலர் பயந்து தோண்டுகிறார்கள். பெரம்பூர், வியாசர்பாடி மாதிரி இடங்களில் ஜன்னலை ஒட்டித்தான் தொட்டி வைக்க இடம் கிடைக்கும். காலை வெயில் பக்கவாட்டில் அடித்து மணலுக்குள் பாசி வளர்கிறது, அவ்வளவுதான். வெளியே மணல் உயரத்துக்குக் கறுப்பு டேப் ஒட்டுங்கள். ஒரு மாதத்தில் மறையும். நடுவிலேயே, அடி ஆழத்தில் கறுப்புத் திட்டும் அழுகிய முட்டை வாடையும் இருந்தால்தான் ஹைட்ரஜன் சல்ஃபைட் பற்றி யோசிக்க வேண்டும். அதைக் கிளறாமல், தண்ணீர் மாற்றும் நாளில் அந்த இடத்து மணலைச் சைஃபனோடு நேராக வெளியே எடுத்துவிடுங்கள்.

பழுப்பு, சிவப்பு, நுரை

தொட்டி வைத்த இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை காபிப் பொடி தூவிய மாதிரி பழுப்பு படிந்தால் அது டயாட்டம் என்கிற பழுப்புப் பாசி. மருந்து வேண்டாம். ஆர்ஓ தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) பூஜ்யமா என்று மட்டும் பாருங்கள், அதுவாகப் போகும்.

சிவப்பு, ஊதா ஜவ்வாக ஏடு ஏடாக உரிந்தால் சயனோபாக்டீரியா. தண்ணீர் ஓட்டம் செத்த இடத்தில்தான் அதிகம் வரும். ஏட்டை உறிஞ்சி எடுத்துவிட்டு வேவ்மேக்கரின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள், உணவைக் குறையுங்கள்.

பழுப்பாக, சளி நூலாக, நுனியில் குமிழோடு, பகலில் தடித்து ராத்திரியில் குறைந்தால் அது டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்கிற ஒருசெல் உயிரி). இங்கேதான் நல்ல பராமரிப்பாளர்களும் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் சரியாக வருகிற சுத்தம் இதற்கு எதிராக வேலை செய்யும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாகும்போது மற்ற நுண்ணுயிர்கள் பட்டினியில் ஒடுங்க, டைனோ அந்த இடத்தைப் பிடிக்கிறது. உறுதி செய்ய எளிய வழி: சளியைக் கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு பாட்டிலில் எடுத்து நன்றாகக் குலுக்கி, டிஷ்யூ காகிதத்தில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். மறுபடி நூலாகத் திரண்டால் டைனோ. நைட்ரேட்டை 5 முதல் 10, பாஸ்பேட்டை 0.05 முதல் 0.1 பிபிஎம்-க்குள் கொண்டுவாருங்கள். அந்தச் சமயம் மணலைச் சைஃபன் செய்வதையும் தண்ணீர் மாற்றுவதையும் நிறுத்தி வையுங்கள். யுவி (புற ஊதா) லைட் வாங்குமுன் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது காசை மிச்சப்படுத்தும். ஆஸ்டிரியாப்சிஸ் இனம் ராத்திரி தண்ணீரில் மிதக்கும், யுவி கொல்லும். ஆம்ஃபிடினியம் இனம் மணலை விட்டு எழுவதே இல்லை, யுவியால் பயனில்லை.

மணல் கட்டி கட்டியாக இறுகினால் காரணம் வேதியியல். சுண்ணாம்புத் தண்ணீரையோ ஆல்கலினிட்டி கரைசலையோ மணலருகே ஒரேயடியாக ஊற்றியிருப்பீர்கள், அல்லது மக்னீசியம் இறங்கியிருக்கும். கால்சியம் கார்பனேட் மணிகளுக்கு நடுவே படிந்து சிமென்ட் மாதிரி பிடித்துவிடுகிறது. மக்னீசியம் 1300 பிபிஎம், கால்சியம் 420 பிபிஎம், ஆல்கலினிட்டி 8 முதல் 9 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) என்று வைத்து, கரைசலைச் சம்ப்பில் ஓட்டம் வேகமாக உள்ள இடத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கட்டியைக் கையாலேயே உடைத்துவிடலாம்.

மணலுக்கான வேலைக்காரர்கள்

நாசேரியஸ் நத்தை முதல் தேர்வு. பகலெல்லாம் புதைந்து, உணவு வாசனை வந்ததும் தும்பிக்கை மாதிரி நீட்டிக்கொண்டு எழும். மூன்றடி தொட்டிக்கு ஆறேழு போதும். மேற்பரப்புப் பாசிக்கு ஒரு டைகர் காங்க் நத்தை. மணல் சலிக்கும் கோபி மீன் வெண்மையாக வைத்திருக்கும், ஆனால் புதுத் தொட்டியில் மணலில் உயிர் தீர்ந்து இரண்டு மாதத்தில் வயிறு ஒட்டிச் செத்துப்போகும். தினம் இரண்டு தடவை இறங்கும் உணவு போட முடியாதவர்கள் வாங்கக் கூடாது. மணல் நட்சத்திரமீனும் அப்படித்தான், வீட்டுத் தொட்டியில் அது பட்டினிதான் கிடக்கும். கடல் அட்டையை யாராவது நீட்டினால் மறுத்துவிடுங்கள். நம் நாட்டில் அதுவும் முதல் அட்டவணையில் உள்ள உயிர்.

மின்வெட்டும் மணலும்

25 டிகிரியில் கடல் நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் 6.2 தான். வெப்பம் ஏறும்போது மணல் பாக்டீரியா இன்னும் வேகமாக ஆக்சிஜனைத் தின்னும். பம்பு நின்ற தொட்டியில் மீனுக்கு முன்னால் மணல்தான் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அழுக்கு சேர்ந்த ஆழமான மணலாக இருந்தால் நிலைமை சில மணி நேரத்தில் மோசமாகும். மிக்ஜாம் சமயத்தில் வட சென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. பேட்டரி ஏர் பம்ப் இரண்டும் மாற்று செல்லும் ஐப்பசி பிறக்கும் முன்பே தொட்டிக்குக் கீழே இருக்க வேண்டும். கரன்ட் இல்லாத நேரத்தில் உணவு போடக் கூடாது, மணலைத் தொடக் கூடாது. திரும்பி வந்ததும் வேவ்மேக்கரை முழு வேகத்தில் விடாமல், மேற்பரப்பைக் கலக்கும் பம்பை மட்டும் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள்.

பழைய மணலை மாற்றுவதென்றால் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். தண்ணீர் மாற்றும் அதே ஓஸில் மணலையும் உறிஞ்சி எடுத்து, மறுநாள் அம்மோனியா பார்த்து, பூஜ்யமாக இருந்தால் அடுத்த வாரம் அடுத்த பங்கு. வீடு மாறுகிறவர்கள் பழைய மணலைக் கழுவாமல் புது இடத்தில் கொட்டவே கூடாது. ஒரு டம்ளர் மட்டும் விதையாக எடுத்துவைத்து, மீதியைப் புதிதாக வாங்குவதே பாதுகாப்பு.